டர்பன் வீட்டுப் பின்கட்டில் மண் ஓவன்: கட்டுவதும் சமைப்பதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் இருக்கிறது. கரண்ட் போனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நிற்காதபடி மண்ணிலேயே ஒரு விறகு ஓவன் கட்ட ஆசை. எந்த மண், எந்தச் செங்கல், எந்த விறகு? பீட்சா தவிர ரொட்டி, பிரியாணி எல்லாம் அதில் வருமா? சிமெண்ட் கலந்து கட்டினால்தான் நிற்கும் என்று தெரிந்த மேஸ்திரி சொல்கிறார், கேட்கலாமா? இதுதான் கேள்வி.

கட்டலாம் தம்பி. பத்தடி இடம் தாராளம். ரொட்டியும் வரும், பிரியாணியும் வரும். மேஸ்திரி சொன்னதை மட்டும் கேட்காதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் பீட்சா மட்டும்தான் வேண்டும் என்றால் இவ்வளவு வேலை எதற்கு? கேஸில் ஓடும் சின்ன பீட்சா ஓவன் கடையில் கிடைக்கிறது, கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும். ஒரு தடவை எரித்துவிட்டு மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சமைக்க நினைப்பவர்களுக்குத்தான் மண் ஓவன் கட்டுப்படியாகும்.

நமக்கு விறகுச் சமையல் புதிதில்லை. கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று எங்கேயும் கல்லைக் கூட்டிப் பெரிய பானையை ஏற்றிப் பழகியவர்கள்தான் நாம். அந்தப் பழக்கமே ஓவனில் நம்மைக் குழப்பும். அங்கே தீ நேரே பானையின் அடியைச் சுடுகிறது; கட்டையைத் தள்ளினால் கொதிக்கும், இழுத்தால் அடங்கும். ஓவனில் சமைப்பது சுவர். இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே எரித்து, சுவரையும் தளத்தையும் சூடேற விட்டு, தணலை வெளியே இழுத்துப் போட்டு, வாயை மூடிவிடுகிறோம். அதன்பிறகு சுவர் திருப்பித் தரும் சூட்டில்தான் எல்லாம் வேகிறது. கட்டும்போதும் சரி, சமைக்கும்போதும் சரி, எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த ஒன்றை நினைத்துக்கொண்டால் பதில் தானாக வரும். சுவர் ஏன் கனமாக இருக்க வேண்டும்? சூட்டைப் பிடித்து வைக்க. அதற்கு வெளியே ஏன் லேசான, காற்று நிறைந்த ஒரு போர்வை வேண்டும்? பிடித்த சூடு வெளியே போகாமல் இருக்க. வாய் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? அதே காரணம். பலர் கனமான சுவரைக் கட்டிவிட்டுப் போர்வையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓவனில் பீட்சா அருமையாக வரும், ரொட்டி வெளியே கறுத்து உள்ளே மாவாக நிற்கும்.

முதலில் இடம். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் மேட்டை வெட்டிக் கட்டியவை, பின்னால் ஒரு மண்சரிவு, அதாவது பேங்க், இருக்கும். வெட்டிய மண்ணைக் கொட்டி நிரவிய பக்கத்தில் ஓவனை வைக்காதீர்கள். நான் சொல்லும் அளவில் கட்டினால் பீடத்தோடு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். 2022 ஏப்ரல் மழையில் மேடுகள் எப்படிச் சரிந்தன என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். வீட்டுச் சுவர், மரவேலி, துணிக்கொடி மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். மூடிய வராந்தாவிலும் கராஜுக்குள்ளும் கூடவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. கட்டும் காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. நம் பக்கம் மழை கோடையில்தான், குளிர்காலம் காய்ந்திருக்கும். டிசம்பர் லீவில் ஆரம்பித்தால் மண் காயவே காயாது.

பீடம் 1.2 மீட்டர் சதுரம், 75 முதல் 80 செ.மீ. உயரம் போதும். வெளியே பிளாக் வைத்துச் சிமெண்டில் கட்டலாம். பெரிய சூடு அங்கே இறங்காது. உள்ளே உடைந்த செங்கல், கல், மண் எல்லாம் போட்டு இடித்து நிரப்பி, மேலே 15 செ.மீ. பள்ளமாக விடுங்கள். அந்தப் பள்ளத்தில்தான் அடிப் போர்வை வருகிறது. காலி கண்ணாடிப் பாட்டில்களைப் படுக்க வைத்து, இடுக்குகளை வெர்மிகுலைட் என்னும் லேசான கனிமப் பொரியால் அடைப்பார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் காற்றுதான் காப்பு. வெர்மிகுலைட் நமக்குச் சுலபமாகக் கிடைக்கும் பொருள். உலகத்திலேயே பெரிய வெர்மிகுலைட் சுரங்கங்களில் ஒன்று நம் நாட்டில்தான், லிம்போபோவின் ஃபாலபோர்வாவில் இருக்கிறது. செடி விற்கும் நர்சரியில் பெரிய பையாகக் கேளுங்கள். தண்ணீராகக் கரைத்த களிமண்ணை அதில் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்குப் புரட்டிப் பரப்ப வேண்டும். அதன்மேல் இரண்டு விரல் அளவுக்கு மணல், மணலின்மேல் செங்கல். எல்லாம் முடிந்து தளம் உங்கள் முழங்கை உயரத்துக்குப் பக்கத்தில் வரும். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு ரொட்டிக்கும் முதுகு பேசும்.

தளத்துக்கு நெருப்புச் செங்கல் வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வழக்கமான அளவு 230க்கு 114க்கு 76 மி.மீ. இந்த ஓவனுக்கு 30 கல் போதும், வாய்க்கு முன்னால் நீட்டும் திண்ணையும் அதில் அடக்கம். கைக்கு அது எட்டவில்லை என்றால் நன்றாகச் சுட்ட கெட்டிச் செங்கல், ஓட்டை இல்லாதது, பரவாயில்லை. சிமெண்ட் செங்கல் கூடாது. கலவை எதுவும் போடாமல் மணலில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள். வாயிலிருந்து பார்க்கும்போது கல் வரிசை குறுக்குச் சாய்வாக ஓடட்டும். நேராக வைத்தால் ரொட்டி எடுக்கும் மரத்தட்டின் நுனி ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் முட்டும். விரலைத் தளத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே நகம் தடுக்குகிறதோ அங்கே பின்னால் தட்டும் தடுக்கும்.

இப்போது மண். டர்பன் மேட்டில் பரவலாகக் கிடைக்கும் அந்தச் சிவப்பு மண் பார்க்கக் களிமண் போல இருந்தாலும் பெரும்பாலும் மணல்தான், அதை நம்பிக் கட்டாதீர்கள். உள்நாட்டுப் பக்கம் மென்பாறை மட்கிய இடங்களில், அஸ்திவாரம் தோண்டும்போது வரும் மஞ்சளும் பழுப்புமான பிசுபிசுப்பு மண்தான் நமக்கு வேண்டியது. புற்று மண்ணும் பிரமாதமாக வரும். அந்தக் காலத்தில் போயர் வண்டிக்காரர்கள் புற்றையே குடைந்து ஓவனாக்கி ரொட்டி சுட்டிருக்கிறார்கள். நம் ஆட்களில் பலருக்குப் புற்று என்றால் கும்பிடும் இடம், அதனால் நான் அதைத் தொடச் சொல்லமாட்டேன்; களிமண்ணே போதும். சோதிப்பது சுலபம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல் தங்கும், மேலே களிமண் தனிப் படலமாக நிற்கும். இன்னொரு சோதனை: ஈரமண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றினால் களி இருக்கிறது.

வெறும் களிமண்ணில் கட்டினால் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஆற்றுமணல். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு, போதாததற்கு மணி உருண்டையாக இருக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. தார்ப்பாயில் கொட்டி, தண்ணீரைக் கஞ்சத்தனமாகத் தெளித்து, காலால் மிதித்துப் பிசையுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் கூலி இல்லாமல் நடக்கும். ஒரு கைப்பிடி உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து போட்டால் கொஞ்சம் தட்டையாகி முழுசாக நிற்க வேண்டும். சிதறினால் களியோ தண்ணீரோ போதவில்லை. அப்பமாகப் படிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மொத்தத்துக்குக் களிமண் ஒரு தள்ளுவண்டி, மணல் இரண்டு வண்டி பிடிக்கும். அச்சுக்கு வேண்டிய மணல் இதில் சேராது.

அச்சு என்பது மணல் குவியல். தளத்தின்மேல் 70 செ.மீ. விட்டத்தில் வட்டம் போட்டு, ஈரமணலைத் தட்டித் தட்டி 40 செ.மீ. உயரத்துக்குக் கவிழ்த்த சட்டி வடிவத்தில் குவியுங்கள். ஈரச் செய்தித்தாளால் முழுக்கப் போர்த்துங்கள். பின்னால் மணலைத் தோண்டும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று காகிதம் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் மண்ணை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி, 10 செ.மீ. கனத்துக்கு வைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். ஒவ்வொரு உருண்டையையும் கீழே இருக்கும் மண்ணோடு சேர்த்து அழுத்துங்கள். மணல் பக்கம் அழுத்தினால் அச்சு நசுங்கும். நிறுத்தாமல் ஒரே நாளில் முடித்துவிடுவது நல்லது.

வாயின் உயரம்தான் பலர் கோட்டைவிடும் இடம். உள்ளே கூடு, அதாவது அந்த மண் குவிமாடம், எவ்வளவு உயரமோ அதில் 63 சதவீதம் வாய் என்பது ஓவன் கட்டுபவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. கூடு 40 என்றால் வாய் 25. அதைவிடத் தாழ்ந்தால் புகை வெளியேறத் திணறும், உயர்ந்தால் சூடு கூரையோரமாக வழிந்து போய்விடும். இந்த ஓவனுக்குப் புகைபோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாயின் கீழ்ப்பாதியில் குளிர்ந்த காற்று உள்ளே போகும், மேல்பாதியில் புகை வெளியே வரும். சரி, 25 செ.மீ. வாயில் உங்கள் வீட்டுப் பிரியாணிப் பானை போகுமா? கட்டுவதற்கு முன்பே பானையை மூடியோடு, மூடியின் பிடியோடு, அளந்துவிடுங்கள். மூன்று கால் போய்க்கிப் பானை இதற்குத் தோதுப்படாது, கால் செங்கலில் சிக்கும், உயரமும் கூடுதல். தட்டை அடி இரும்புப் பானை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பானை 27 என்றால் கூட்டை 44க்கு உயர்த்தி வாயை 28 ஆக்கலாம். அதற்கு மேல் உயர்த்தினால் கூரை எட்டப் போய், ரொட்டியின் மேல்பக்கம் சிவக்காது. வாயின் அகலம் 40 செ.மீ. போதும்.

மண் இறுகி, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதத்தில் வாயை வெட்டி, மணலைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுங்கள். இது வெயிலைப் பொறுத்தது, சில நாள் ஆகலாம்.

சிமெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். சிமெண்ட் இறுகுவது தண்ணீரைத் தன்னோடு கட்டிக்கொண்டு. 300 டிகிரி வருவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் பிரிந்து போகத் தொடங்கிவிடும். 400, 500 வரும்போது அதிலிருக்கும் சுண்ணாம்புப் பகுதியே உடைந்துவிடும். நம் கூட்டின் உள்பக்கம் அந்தச் சூட்டை ஒவ்வொரு தடவையும் பார்க்கும். கொஞ்ச மாதத்தில் சிமெண்ட் பொடிந்து சாப்பாட்டில் விழும். களிமண்ணுக்கு நேர்மாறு, சூடு பட்ட உள்முகம் சுட்ட பானைபோலக் கெட்டிப்படும். மேஸ்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் சுவர் கட்டுபவர். பீடத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள், கூட்டை நீங்களே கட்டுங்கள்.

வெளிப் போர்வைக்கும் அதே வெர்மிகுலைட், களிமண் கரைசல். கூடு ஓரளவு காய்ந்ததும் 8 முதல் 10 செ.மீ. கனம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மாட்டுத்தீவனக் கடையில் எரக்ரோஸ்டிஸ் புல் கட்டு வாங்கி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கரைசலில் புரட்டிப் பூசலாம். வேலை கூடுதல், பலன் கொஞ்சம் குறைவு, ஆனாலும் நல்ல காப்பு. கடைசிப் பூச்சுக்குக் களிமண், மணல், சாணம். சாணம் மெழுகுவது நம் பாட்டிகளுக்கும் தெரியும், பக்கத்து ஜூலு வீடுகளுக்கும் தெரியும். சுண்ணாம்புப் பூச்சும் போடலாம். பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகும். டர்பன் மழைக்கு எந்தப் பூச்சும் தாங்காது. மேலே தகரக் கூரை கட்டாயம். நாலு இரும்புக் கம்பம், ஒரு ஐ.பி.ஆர் (வரி மடிப்புக் கூரை) தகரம், கூட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி.

காய வைப்பதில் பொறுமை வேண்டும். முதலில் காற்றில் இரண்டு வாரம். பிறகு கைப்பிடி சுள்ளியில் சின்னத் தீ, மறுநாள் அதைவிடக் கொஞ்சம் பெரியது, இப்படி ஒரு வாரம். வெளிப்பக்கத்தில் ஈரத் திட்டுகள் தெரியும், ஆவி வரும். அது நின்றபின் முழுத் தீ. மயிரிழை விரிசல் விழுந்தே தீரும், கவலைப்படாதீர்கள். அகலமான விரிசலை நனைத்து, அதே மண்ணைத் திணித்துவிடுங்கள். கதவுக்கு 5 செ.மீ. கனமான மரப்பலகையை வாய்க்குப் பொருத்தமாக அறுத்து, உள்பக்கம் தகரம் அடித்து, பின்னால் ஒரு கைப்பிடி. ரொட்டி வைக்கும் முன் பலகையைத் தண்ணீரில் ஊறப் போட்டால் கருகாது, உள்ளே ஆவியும் கிடைக்கும்.

விறகில் எனக்கு முதல் ஆள் வாட்டல். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நட்டாலுக்குக் கொண்டுவந்து, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகப் பரவலாக வளர்த்த மரம், இப்போது ஆற்றங்கரையெல்லாம் களையாகப் பரவி நிற்கிறது. வெட்டி எரித்தால் ஊருக்கே நல்லது. நீல கம் (யூகலிப்டஸ்) மரமும் காய்ந்தால் நன்றாக எரியும். முற்றத்து மா, லிச்சி, கொய்யாக் கிளைகளையும் சேர்த்து வையுங்கள். பெட்ரோல் பங்கில் பையில் விற்கும் ஒட்டகமுள் மரம் விலை அதிகம். மணிக்கணக்கில் கனலும், தணலில் இறைச்சி சுடும் ப்ராய்க்கு அது சரி. ஓவனுக்கு வேண்டியது கூட்டைத் தடவிச் சுழலும் சுவாலை, அதனால் மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்த, நன்றாகக் காய்ந்த சாதாரண விறகே மேல். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், பிளந்த விறகை ஓராண்டு தகரத்துக்கடியில் அடுக்கி வைத்தால்தான் காயும்.

எரிக்கக் கூடாதவற்றை நன்றாக நினைவில் வையுங்கள். தம்போட்டி மரம் குவாசுலு-நட்டால் காடுகளில் வளரும். வாசனையாக இருக்கும், அதன் புகைபட்ட சாப்பாடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். அரளி கூடாது. இவை இரண்டையும்விட நம் முற்றங்களில் அதிகம் கிடப்பது பச்சை சாயலடிக்கும் வேலிக் கம்பம். கரையான் அரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய மரம் அது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். பழைய வேலியைப் பிரித்துப் போட்டிருக்கிறதே என்று ஒரு துண்டைக்கூட உள்ளே தள்ளாதீர்கள். பெயிண்ட் அடித்த பலகை, சிப்போர்டும் அப்படியே.

எரிக்கும் முறை இதுதான். வாய்க்குப் பக்கத்தில் சுள்ளியில் பற்றவைத்து, பிடித்ததும் நடுவுக்குத் தள்ளி, விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 கிலோ ஆகும். முதல் அரைமணி நேரம் கூட்டின் உள்பக்கம் கரி படிந்து அட்டைக் கறுப்பாக இருக்கும். பிறகு உச்சியில் ஒரு இடத்தில் கரி எரிந்து மண்ணின் நிறம் தெரியும். அந்த வெளுப்பு மெதுவாகப் பக்கவாட்டில் இறங்கும், அடி வரைக்கும் வெளுத்துவிட்டால் உள்முகம் 350 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். செங்கலிலும் மண்ணிலும் சூடு மணிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ.தான் உள்ளே இறங்கும். முகம் மட்டும் வெளுத்த ஓவனில் பீட்சா போடலாம். ரொட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது எரிய வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அது மேற்பரப்பை மட்டும் சொல்லும்.

பீட்சாவுக்குத் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, சின்னச் சுவாலை எரிய, தளம் 350 முதல் 400 டிகிரி இருக்கும்போது போட்டால் இரண்டு நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். அவ்வளவுதான், இதைப்பற்றி எழுத வேறொன்றும் இல்லை. பீட்சா முடிந்த கையோடு அந்தச் சூட்டை வீணாக்காமல் மீன் வையுங்கள். ஜூன், ஜூலையில் தென்கரைக்கு சார்டின் கூட்டம் வரும்போது வாளியாக வாங்குவோமே, அதைக் கழுவி, உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு, கொஞ்சம் புளித்தண்ணீர் தடவி, இரும்புத்தட்டில் ஒற்றை வரிசையாக அடுக்கி உள்ளே தள்ளினால் ஏழெட்டு நிமிடத்தில் வால் மொறுமொறு என்று ஆகிவிடும். வீட்டுக்குள் மீன் வாடையும் இல்லை.

ரொட்டிக்கு முன்னால் தணலை முழுக்க வெளியே இழுங்கள். பக்கத்தில் ப்ராய் தொட்டி இருந்தால் அதில் கொட்டி ஆட்டிறைச்சிச் சாப்ஸ் போடலாம். ஈரத்துணி கட்டிய கழியால் தளத்தைத் துடைத்துவிட்டு, கதவை மூடி அரைமணி நேரம் சும்மா விடுங்கள். அந்த அரைமணியில் கொதிக்கும் கூரையும், தணலுக்கடியில் கிடந்த தளமும், ஓரமும் ஒரே சூட்டுக்கு வரும். இதைத் தாண்டிக் குதிப்பவர்களுடைய ரொட்டிதான் ஒரு பக்கம் கருகுகிறது. பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். நாலைந்து நொடியில் கறுத்தால் சூடு அதிகம், கதவைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். பதினைந்து இருபது நொடியில் பொன்னிறமாகி மெல்லப் பழுப்பானால் ரொட்டிக்குச் சரி.

வீட்டில் பன்னி சோவ், அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது, போடுகிறவர்களுக்கு வேண்டியது வெட்டாத டின் ரொட்டி. உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், ஓடு கெட்டியாக, சுவர் நேராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு ஊற்றியதும் அடி கசிந்து முழங்கை வரை வழியும். ரொட்டி மாவு 500 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் 320 மில்லி, 10 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தில் பாதி. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காகப் பொங்கவிட்டு, காற்றைத் தட்டி, எண்ணெய் தடவிய டின்னில் மறுபடி பொங்கவிடுங்கள். ஜனவரிப் புழுக்கத்தில் இது கண்மூடித் திறப்பதற்குள் பொங்கிவிடும், ஓவன் தயாராகாமல் இருக்கும். அப்போது டின்னோடு குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள், மாவு பொறுத்துக்கொள்ளும். ஓவன் 230, 240 டிகிரியில் இருக்கும்போது உள்ளே வைத்தால் எடுக்கும்போது 210க்கு இறங்கியிருக்கும். 35 முதல் 40 நிமிடம். டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் டின் இல்லாமல் இன்னும் ஐந்து நிமிடம். ஒரு ரொட்டிக்குப் பதில் நாலு ரொட்டி வைத்தால் இன்னும் நன்றாக வரும், அத்தனை மாவும் விடும் ஆவியில் ஓடு மெல்ல இறுகி ரொட்டி நன்றாக எழும்பும். சூடாக வெட்டாதீர்கள். முழுக்க ஆறியபின் வெட்டினால்தான் கால் ரொட்டியின் குழி உடையாமல் வரும்.

பிரியாணியின் முறை மாலையில், 180 டிகிரி சுமாருக்கு இறங்கியபின். டர்பன் பாணியில் மசூர்ப் பருப்பு, பொரித்த உருளைக்கிழங்கு எல்லாம் போடுவோமே, அதே அடுக்குகள். இறைச்சி முக்கால்வாசி வெந்திருக்கட்டும், அரிசியைக் கொஞ்சம் கடிபடும் பதத்தில் வடித்துவிடுங்கள், பருப்பைத் தனியாக அரைவேக்காடு வையுங்கள். அடுக்கி, நெய்யும் குங்குமப்பூக் கரைசலும் தெளித்து, மூடியின் ஓரத்தை மைதாமாவுப் பிசையலால் அடைத்து, உள்ளே தள்ளி, கதவையும் மூடிவிட வேண்டும். ஒன்றேகால் மணி நேரம். வெளியடுப்பில் தம் போடும்போது அடிபிடிக்குமோ என்று தீயை இழுத்துக்கொண்டும், மூடிமேல் தணலை அள்ளிக்கொண்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இங்கே சூடு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சமமாக வருகிறது. தளம் மட்டும் இன்னும் 200க்கு மேல் இருக்கிறது என்று தோன்றினால் பானைக்கடியில் ஒரு கம்பித்தாங்கியை வைத்துவிடுங்கள். அடியில் ஒட்டாமல், ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக வரும். வெளியடுப்புப் பிரியாணியில் வரும் அந்தப் புகை மணம் மட்டும் இதில் இருக்காது. தணலை வெளியே எடுத்துவிட்டோம், பானையும் அடைபட்டிருக்கிறது, மணம் எங்கிருந்து வரும்? அந்த மணம்தான் பிரியாணி என்று நினைப்பவர்கள் கல்லடுப்பையே வைத்துக்கொள்ளட்டும்.

புரட்டாசி மாதம் இறைச்சி தொடாத வீடு என்றால் ஓவனைக் கழுவுவது எப்படி என்று கேள்வி வரும். கழுவக் கூடாது, தளம் தண்ணீரைக் குடித்துவிடும். மாதம் பிறக்கும் முன் வெறும் ஓவனை முழுச்சூடு வரைக்கும் ஒருமுறை எரியுங்கள். தளத்தில் பட்ட கொழுப்பெல்லாம் சாம்பலாகிவிடும், பெருக்கித் தள்ள வேண்டியதுதான். கத்தரிக்காய், பூசணி, தக்காளி எல்லாம் மதியச் சூட்டில் முழுசாக வைத்துச் சுட்டுத் துவையலுக்கு எடுக்கலாம்.

பிரியாணி வெளியே வந்தபின் 140, 150 டிகிரி மிச்சம் இருக்கும். மடும்பியை (சேப்பங்கிழங்கை) தோலோடு உள்ளே போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், படுக்கும் முன் எடுத்தால் மாவாக வெந்திருக்கும். இரவு கதவை லேசாகத் திறந்து வைத்து, மசாலாவுக்கான மிளகாயைத் தட்டில் பரப்பி வைக்கலாம். 100க்குக் கீழே இறங்கியபின் வையுங்கள், முன்னால் வைத்தால் கறுத்து வீடு முழுக்கத் தும்மும். மிளகாய் இல்லையென்றால் அடுத்த தடவைக்கான விறகை உள்ளே அடுக்கிவிடுங்கள், கடைசி ஈரமும் போய்விடும். தளத்தில் ஒரு கனல் துண்டுகூட இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயமும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். புகை வருவது பற்றவைத்த முதல் அரைமணி நேரம்தான். காய்ந்த விறகு, சின்னத் தீ என்றால் அதுவும் குறையும். அவர்கள் வீட்டில் துணி காய்கிற நேரம் பார்த்துப் பற்றவைக்காதீர்கள், நாலு ரொட்டி சுட்டால் ஒன்று வேலியைத் தாண்டட்டும். சாம்பலையும் தணலையும் மூடி போட்ட இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள், இரண்டு நாள் வெளியிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டினால் நடுராத்திரி தீப்பிடிக்கும். ஆறிய விறகுச் சாம்பலைச் சலித்து கறிவேப்பிலைச் செடிக்குக் கொஞ்சமாகப் போடலாம். மழை பெய்து ஓவன் நனைந்துவிட்டால் நேரே பெரிய தீ மூட்டாதீர்கள், இரண்டு நாள் சின்னத் தீயில் காய வைத்துவிட்டுப் பிறகு விருந்துக்கு ஆள் கூப்பிடுங்கள்.